கூடங்குளம் ஓய்வுபெறும் நாளில் தென்காசிக்கு ஒரு நாற்காலி

கூடங்குளத்தின் முதல் உலையில் 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை தொடங்கியது. அக்டோபரில் அதன் மின்சாரம் கம்பியில் ஏறியது. இந்த வகை ரஷ்ய உலைக்கு வடிவமைப்பாளர்கள் குறித்த ஆயுள் 40 ஆண்டு. உலைக்கலன் தாங்கும் என்று சோதனையில் தெரிந்தால் நீட்டிப்பார்கள். நீட்டிக்காவிட்டால் 2053. தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பரில் பிறந்த குழந்தைக்கு அப்போது 34 வயது ஆகியிருக்கும். இருபது ஆண்டு நீட்டித்தால் 54. எப்படிப் பார்த்தாலும் அந்த உலையை நிறுத்துவதும் பிரித்து அப்புறப்படுத்துவதும் இன்று தென்காசியிலும் செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் காலத்தில்தான் நடக்கப்போகிறது.

உலையைத் திறப்பது பற்றி நம் பகுதியில் பேசிய அளவுக்கு நாட்டில் வேறெங்கும் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் உலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2011-ல் இடிந்தகரை மாதா கோயில் முன்பு உலைக்கு எதிரான உண்ணாவிரதம் தொடங்கியது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் திரண்டவர்கள் விரட்டப்பட்டார்கள். அதே நாளில் மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கால் நூற்றாண்டு வழக்கின் நடுவில் இருந்தது உலை ஓடலாமா, கூடாதா என்ற கேள்வி. கழிவு பற்றிய பேச்சு அவ்வப்போது வந்து போனது. ஓடி முடித்த உலையை என்ன செய்வது, அதை யாரைக் கேட்டுச் செய்வது என்ற பேச்சோ வரவே இல்லை என்று சொல்லலாம்.

அணுஉலை, பொத்தானை அழுத்தினால் அடங்கிவிடுகிற பொருள் இல்லை. தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் எரிபொருள் கோல்களுக்குள் பிளவுபட்டுக் கிடக்கும் அணுக்களின் மிச்சங்கள் தொடர்ந்து சிதையும். சிதையும்போது வெப்பம் வரும். நிறுத்திய கணத்தில் இந்த வெப்பம் உலையின் முழு வெப்பத் திறனில் ஆறேழு சதவீதம். கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். அதில் ஆறேழு சதவீதம் என்றால் ஏறத்தாழ 200 மெகாவாட். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011-ல் எரிபொருளை உருக்கியது இந்த மிச்ச வெப்பம்தான். அங்கே நிலநடுக்கம் வந்ததுமே உலைகள் நின்றுவிட்டிருந்தன. மிச்ச வெப்பம் வேகமாகக் குறைந்தாலும் முழுதாக மறைவதற்குப் பல்லாண்டு ஆகும். அதனால் ஓய்வுபெறும் உலையில் முதல் வேலை, அதன் 163 எரிபொருள் கட்டுகளையும் வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பது. சில ஆண்டுகள் குளிர்ந்த பிறகே அவற்றை எஃகும் கான்கிரீட்டும் கொண்ட உலர் கலன்களுக்கு மாற்ற முடியும். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எரிபொருள் மாற்றிய ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு கழித்துப் போட்ட கட்டுகளும் அதற்குள் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கும்.

எரிபொருள் போன பிறகு கட்டடம் மிஞ்சும். நாற்பது ஆண்டு நியூட்ரான் பட்ட உலைக்கலனின் எஃகே கதிரியக்கம் கொண்டதாகியிருக்கும். எஃகில் கலந்திருக்கும் சிறிதளவு கோபால்ட், கோபால்ட்-60 ஆக மாறுகிறது. பிரிக்கப் போகிற தொழிலாளிக்கு முதல் எதிரி அதுதான். அதன் காமா கதிர் கடுமையானது. ஆனால் அதன் அரையாயுள் 5.27 ஆண்டு. ஐம்பது ஆண்டு பொறுத்தால் ஏறக்குறைய 700-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படியானால் பூட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? ஒரு பக்கம் ஆமாம். அமெரிக்காவில் இப்படி 60 ஆண்டு வரை காத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதே ஐம்பது ஆண்டில் சீசியம்-137 மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். நிக்கல்-63 பாதியாவதற்கே நூறாண்டு வேண்டும். எந்த வால்வு எந்த ஆண்டு ஒழுகியது, எந்தச் சுவருக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கியது என்று தெரிந்த பணியாளர்களில் பெரும்பாலோர் ஐம்பது ஆண்டு கழித்து உயிரோடு இருக்க மாட்டார்கள். அந்த நிறுவனமே அதே பெயரில் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. காத்திருந்தால் தொழிலாளிக்குக் கதிர்வீச்சு குறையும், ஊருக்கு நிலம் வராது, வேலை போகும், நினைவு அழியும். உடனே பிரித்தால் நிலம் வரும், வேலை நீடிக்கும், தொழிலாளி கூடுதல் கதிர் வாங்குவான். இதில் எது சரி என்று இயற்பியல் சொல்லாது. எந்த நட்டத்தை யார் தாங்குவது என்பது அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம்.

உலகில் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட மின் உலைகள் 200-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் முழுதாகப் பிரித்து முடித்தவை சிறு பகுதிதான். கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ரஷ்ய வடிவமைப்பில் கட்டிய ஐந்து உலைகளை 1990 வாக்கில் நிறுத்தினார்கள். முப்பது ஆண்டு கடந்தும் பிரிக்கும் வேலை நடக்கிறது. இத்தனை நீண்ட வேலைக்கு நடுவே உள்ளூர் மக்களுக்கு முறையான ஓர் இருக்கை வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் மெல்ல உருவானது. அமெரிக்காவில் அதைச் சமூக ஆலோசனைக் குழு என்கிறார்கள், பிரான்சில் உள்ளூர்த் தகவல் ஆணையம், பிரிட்டனில் தளப் பங்குதாரர் குழு. இந்தக் கட்டுரையில் ஊர்க்குழு என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் விஸ்காசெட் என்ற சிறிய கடலோர ஊரில் மெய்ன் யாங்கி உலை 1972 முதல் ஓடியது. 1997-ல் நிரந்தரமாக மூடுவதென்று நிறுவனம் முடிவெடுத்தது. அதே ஆண்டே ஊர்க்குழு ஒன்றையும் அமைத்தது. பெரிய சச்சரவு இடிபாடு பற்றி வந்தது. கட்டடங்களின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, இடித்த கான்கிரீட்டை அடித்தளப் பள்ளங்களிலேயே கொட்டி மூடிவிடலாம் என்பது நிறுவனத்தின் திட்டம். செலவு குறையும், கணக்கிட்ட கதிர்வீச்சும் மத்திய அரசின் வரம்புக்குள்தான். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த இடிபாடு ஊரைவிட்டு ரயிலில் வெளியேறியது. மத்திய அணு ஒழுங்குமுறை ஆணையம் நிலத்தை விடுவிக்க ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட் வரை அனுமதிக்கும்போது, மெய்ன் மாநிலம் 2000-ல் தனிச் சட்டம் இயற்றி 0.10 என்று குறைத்தது. நிலத்தடி நீருக்கு மட்டும் 0.04. இயற்கையிலிருந்து மனிதன் சராசரியாக வாங்குவதே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே 0.25-க்கும் 0.10-க்கும் இடையிலான வித்தியாசம் உடல்நலத்தில் அளந்து காட்ட முடியாத அளவு சிறியது. அப்படியிருந்தும் அந்த வித்தியாசத்துக்காக நிறுவனம் கூடுதலாகச் செலவழித்தது. அறிவியலாளர்கள் சிலர் இதை வீண் செலவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிலத்தில் பிறகு வாழப் போகிறவர்கள் தாங்கள் நம்பக்கூடிய எல்லையைத் தாங்களே வரைந்தார்கள். அதனால் 2005-ல் வேலை முடிந்தபோது முடிந்தது என்று அவர்களால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

முழுதாக முடிந்துவிடவும் இல்லை. எரிந்து தீர்ந்த எரிபொருளை 1998-லிருந்து எடுத்துக்கொள்வதாகச் சட்டப்படி ஒப்புக்கொண்ட அமெரிக்க மத்திய அரசு இன்றுவரை எடுக்கவில்லை. உலை இருந்த இடம் தரைமட்டம். பக்கத்தில் கான்கிரீட் மேடையில் 60-க்கும் மேற்பட்ட பெரிய கலன்கள் காவலோடு நிற்கின்றன.

கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே கதை இன்னும் முக்கியம். பசிபிக் கடற்கரையை ஒட்டிய அந்த நிலையம் 2013-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஊர்க்குழு அமைந்தது. நிறுவனமே அமைத்த குழு என்பதால் இது வெறும் அலங்காரம் என்று குறை சொன்னவர்கள் பலர். 2018 ஆகஸ்ட் 3 அன்று, ஏறத்தாழ 50 டன் எடையுள்ள எரிபொருள் கலன் ஒன்றைப் பாதாளக் குழிக்குள் இறக்கும்போது அது உள்விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. தூக்கும் பட்டைகள் தளர்ந்துவிட்டன. கலன் அந்த மெல்லிய விளிம்பின் மேல் மட்டும் நின்றது. கீழே சுமார் 18 அடி வெறுமை. விளிம்பிலிருந்து நழுவியிருந்தால் தடுக்க எதுவும் இல்லை. ஒருவழியாக மீட்டு இறக்கினார்கள். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 9-ல், ஊர்க்குழுவின் வழக்கமான கூட்டம். பொதுமக்கள் பேசும் நேரத்தில், அங்கே பாதுகாப்புப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவர் ஒலிபெருக்கி முன் வந்து நின்று நடந்ததைச் சொன்னார். ஊருக்கு விஷயம் அப்படித்தான் தெரியவந்தது. ஒழுங்குமுறை ஆணையம் சிறப்பு ஆய்வு நடத்தியது. கலன் மாற்றும் வேலை ஏறக்குறைய ஓராண்டு நின்றது. நிறுவனத்துக்கு 1,16,000 டாலர் அபராதம்.

அந்தக் குழுவுக்கு ஒரு திருகாணியை மாற்றச் சொல்லும் அதிகாரம்கூடக் கிடையாது. ஆனால் நாள் குறித்து, எல்லோரும் வரக்கூடிய ஓர் அறையில், ஒலிபெருக்கி வைத்துக் கூடுகிற வழக்கம் இருந்தது. மனசாட்சி உறுத்திய தொழிலாளிக்குப் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது. ஊர்க்குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் நாம். மேலே பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமல் போவது என்ன விலை கேட்கும் என்பதை நம் ஊருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அமெரிக்கக் குழுக்கள் பெரும்பாலும் ஆலோசனை சொல்வதோடு சரி. வெர்மான்ட் மாநிலம் 2014-ல் தன் குழுவைச் சட்டத்தின் மூலமே அமைத்தது; அதனால் நிறுவனம் நினைத்தால் கலைக்க முடியாது. 2019-ல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், நாடெங்கும் இந்தக் குழுக்கள் எப்படி இயங்குகின்றன, எது நல்ல நடைமுறை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு அறிக்கை தரும்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது. குழு அமைக்கும் கட்டாயம் மட்டும் இன்னும் வரவில்லை.

பிரான்ஸ் இதில் ஒரு படி மேலே நிற்கிறது. அங்கே 1981-லிருந்து இருந்த வழக்கத்தை 2006-ல் சட்டமாக்கினார்கள். ஒவ்வொரு அணுத் தளத்துக்கும் ஓர் உள்ளூர்த் தகவல் ஆணையம். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மீதி இடங்கள் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் துறை அறிஞர்களுக்கும். கேட்ட ஆவணத்தை நிலையம் தர வேண்டும். ஆணையம் தானே ஆய்வகம் அமர்த்தி மண்ணையும் நீரையும் சோதிக்கலாம். இன்னொன்றும் உண்டு. 2020-ல் மூடப்பட்ட ஃபெசன்ஹெய்ம் நிலையம் ரைன் ஆற்றங்கரையில், ஜெர்மனியை ஒட்டி இருக்கிறது. சுவிட்சர்லாந்தும் தொலைவில் இல்லை. அதன் ஆணையத்தில் ஜெர்மானியருக்கும் சுவிஸ்காரருக்கும் இருக்கை கொடுத்தார்கள். நாட்டு எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கே இடம் உண்டென்றால், மாவட்ட எல்லைக்கு இப்பால் இருக்கும் நமக்கு ஏன் இருக்கக் கூடாது?

இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். தென்காசிக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அவசரகாலத் திட்ட எல்லை 16 கிலோமீட்டர். சுற்றுச்சூழல் ஆய்வகம் பாலும் மீனும் காய்கறியும் எடுத்துச் சோதிக்கும் வட்டம் 30 கிலோமீட்டர். இரண்டுக்கும் வெகு வெளியே இருக்கிறோம். சிற்றாறு குற்றாலத்து மலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து கிழக்கே ஓடுகிறது. கூடங்குளத்துத் தண்ணீர் இங்கே ஏறி வராது. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைப்பது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. தென்கிழக்கே இருக்கும் கூடங்குளத்திலிருந்து நம் பக்கம் நேராக வீசும் காற்று பெரும்பாலான நாட்களில் கிடையாது. அதிலும் பிரிக்கும் கட்டத்தில், எரிபொருள் குளிர்ந்து வெளியேறிய நிலையத்தின் அபாயம் ஓடுகிற நிலையத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே கதிர் வந்து தாக்கும் என்று பயமுறுத்தி நமக்கு இருக்கை கேட்பது தவறு. அப்படிக் கேட்கவும் மாட்டேன்.

கேட்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. முதலில் மீன். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக் கரைகளில் ஏலம்போகும் மீன் மேற்கே வெகுதூரம் வருகிறது. நம் சந்தைகளிலும் விற்கிறது. உலையைப் பிரிக்கும்போது தொட்டித் தண்ணீரை எங்கேயாவது விட்டாக வேண்டும். அதில் டிரிட்டியம் இருக்கும்; ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் என்பதால் தண்ணீராகவே கலந்திருக்கும், வடிகட்டிப் பிரிப்பது மிகக் கடினம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பில்கிரிம் நிலையத்தில் சுமார் 40 லட்சம் லிட்டரைக் கேப் காட் விரிகுடாவில் விட நிறுவனம் முனைந்தபோது, மீனவர்களும் ஊரும் அந்தக் கேள்வியை ஊர்க்குழுக் கூட்டங்களில் கூட்டம் கூட்டமாக எழுப்பினார்கள். 2024-ல் மாநில அரசு அனுமதி மறுத்தது. ஃபுகுஷிமாவில் 2023 ஆகஸ்டில் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கிய நாளிலேயே சீனா ஜப்பானிய மீனைத் தடை செய்தது. நீர்த்துவிட்ட டிரிட்டியம் உடலுக்குச் செய்யக்கூடிய தீங்கு மிகச் சிறியது என்பது என் புரிதல். சந்தைக்குச் செய்யும் தீங்கு அப்படிச் சிறியது இல்லை. ஒரே ஒரு வதந்தி போதும், உவரி வஞ்சிரத்தைத் தென்காசியில் வாங்க ஆள் இருக்காது. அந்த நேரத்தில் அளவீட்டைத் தன் கண்ணால் பார்த்த ஒரு தென்காசிக்காரர், ஒரு மீன் வியாபாரி, சந்தையில் நின்று சொன்னால் எடுபடும். அதிகாரியின் பத்திரிகைக் குறிப்பு எடுபடாது.

பேச இடம் இல்லாத ஊரில் வதந்தி எப்படிப் பரவும் என்பதை நாம் இரண்டு முறை பார்த்துவிட்டோம். 2012 நவம்பரில், கூடங்குளத்துக் கழிவு கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போகப்போகிறது என்ற செய்தி உச்ச நீதிமன்ற வழக்கிலிருந்து கிளம்பியது. கோலார் கொந்தளித்தது. அரசு மறுத்தது. அதற்குள் நம்பிக்கை உடைந்துவிட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலையைக் குடையத் திட்டமிட்டபோது, அந்தக் குகையில் அணுக்கழிவைக் கொட்டுவார்கள் என்ற பேச்சு மலையடிவார ஊர்களெல்லாம் பரவியது. நியூட்ரினோவுக்கும் கழிவுக்கும் சம்பந்தமில்லை என்று இயற்பியலாளர்கள் எத்தனை முறை சொல்லியும் நிற்கவில்லை. மக்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கழிவு கடைசியில் எங்கே போகும் என்று அரசு ஒருநாளும் தெளிவாகச் சொல்லாதபோது, குடைகிற ஒவ்வொரு குகையையும் சந்தேகப்படுவதில் மக்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1988 ஒப்பந்தப்படி எரிந்த எரிபொருள் ரஷ்யாவுக்கே திரும்பிப் போக வேண்டும். பிறகு அது மாறி இந்தியாவே வைத்துக்கொள்வது என்றானது. ஆழ்நிலச் சேமிப்பகத்தை விரைவில் அமைக்க வேண்டும் என்று 2013 தீர்ப்பு சொன்னது. நாட்டில் அப்படி ஒன்று இல்லை. உலைக்கு வெளியே இடைக்காலச் சேமிப்பு மையம் அமைக்க நீதிமன்றம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2018-ல் முடிந்து, அவகாசம் நீண்டது. அந்த மையத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2019 ஜூலை 10-ல் ராதாபுரத்தில் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருநாள். ஆட்சியர் தலைமை. வரிசையில் நின்று பேசுவது, குறிப்பில் ஏறுவது, கலைவது. நேற்றுக் கேட்ட கேள்விக்கு இன்று பதில் வந்ததா என்று பார்க்க அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் கிடையாது. அறுபது எழுபது ஆண்டு நீளும் ஒரு வேலைக்கு இது போதாது. மூன்று மாதத்துக்கொரு முறை கூடுகிற, பழைய குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிற, ஓய்வுபெறும் உறுப்பினர் புதியவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற ஒரு குழுதான் இதற்கு ஈடுகொடுக்கும்.

இந்தியாவில் இதுவரை ஒரு மின் உலையைக்கூடப் பிரித்து முடித்ததில்லை. தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் 1969-ல் தொடங்கியவை. ராஜஸ்தானின் முதல் உலை 2004-லிருந்து ஓடவில்லை. எரிபொருளை எடுத்துவிட்டு வைத்திருக்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உலையின் வாழ்க்கையை இடத்தேர்வு, கட்டுமானம், தொடக்கம், இயக்கம், செயல்நீக்கம் என்று ஐந்து கட்டமாகப் பிரித்து அனுமதி தருகிறது. செயல்நீக்கத்துக்கான கையேட்டை 1998-லேயே வெளியிட்டது. ஆனால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் தந்த அறிக்கை, கையேடு வந்து 13 ஆண்டு கழித்தும் நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும் செயல்நீக்கத் திட்டம் இல்லை என்று பதிவு செய்தது. நின்றுபோன உலைக்கும் இல்லை.

பணமும் இதோடு சேர்ந்தது. பிரிக்கும் செலவுக்காக விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் 2 பைசா ஒதுக்கும் ஏற்பாடு அந்த அறிக்கையில் பேசப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 மெகாவாட் உலை 80 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 700 கோடி யூனிட். 2 பைசா வீதம் 14 கோடி ரூபாய். நாற்பது ஆண்டுக்கு 560 கோடி. வட்டி சேரும்போது கூடும், விலைவாசி ஏறும்போது அதன் மதிப்புக் குறையும். மெய்ன் யாங்கி இதைவிடச் சற்றுச் சிறிய உலை. அதைப் பிரிக்க ஆன செலவு 50 கோடி டாலருக்கு மேல், இன்றைய மதிப்பில் 4,000 கோடி ரூபாயைத் தாண்டும். நம் நாட்டில் கூலி குறைவு என்பதைக் கழித்தாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள பள்ளம் பெரியது. அதை யார் நிரப்புவார்கள்? 2060-களில் வரி கட்டுகிறவர்கள். அவர்கள் சார்பில் இன்று கேட்க ஒரு குழு வேண்டாமா? நிதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எங்கே போட்டிருக்கிறார்கள், எந்த மதிப்பீட்டின்படி போதும் என்கிறார்கள் என்பதை ஆண்டுக்கொரு முறை ஊர்க்குழுவின் முன் வைக்கச் சொல்வது பேராசை ஆகாது.

எல்லாவற்றையும்விட எனக்கு அவசரமாகப் படுவது ஆரம்ப அளவு. ஒரு நிலம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல, அது உலை வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நம் பகுதியில் இது எளிதில்லை. குற்றாலத்துப் பாறையிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் மிகுதி. செங்கோட்டையில் ரயிலேறிக் கொல்லத்தில் இறங்கி, சற்று வடக்கே போனால் கருநாகப்பள்ளி. அங்கே சில கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைப்போல் பல மடங்கு. அங்கு வாழும் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இதுபோக, 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உலகத்து மண்ணிலெல்லாம் மெல்லியதாகப் படிந்து கிடக்கிறது. 2055-ல் ராதாபுரத்து வயலில் யாரோ ஒருவர் சீசியத்தைக் கண்டுபிடிப்பார். அது உலையினுடையதா, 1962-ன் குண்டினுடையதா? பழைய மண் இல்லாமல் இந்தச் சண்டை தீராது. உலைக்கு முந்தைய அளவீடுகளை நிலையத்தின் ஆய்வகம் எடுத்து வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் பிரிக்கும் நாளில் வழக்கில் நிற்கப்போகிற ஒரு தரப்பின் கையில் மட்டும் சாட்சியம் இருப்பது அந்தத் தரப்புக்கே நல்லதில்லை.

இங்கேதான் தென்காசி உதவ முடியும். நம் மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. உலைக்குப் போதிய தொலைவில், அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே, ஆனால் அதே வட்டார மண்ணை அறிந்த இடம். ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளை முதல் தென்காசி, ஆலங்குளம் வரை குறித்த இடங்களிலிருந்து ஆண்டுதோறும் மண்ணும் கிணற்று நீரும் பாலும் எடுத்து, அளந்து, மண்ணில் ஒரு பங்கை முத்திரையிட்டுப் பாதுகாத்து வைக்கலாம். உலையின் தாக்கம் எட்டாத தென்காசி மண், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோலாக இருக்கும். நாம் தொலைவில் இருப்பதே இந்த வேலைக்கு நமக்குள்ள தகுதி.

குழுவின் அமைப்பைப் பற்றி என் யோசனை இது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பாதி, அதில் கூடங்குளம், இடிந்தகரை, விஜயாபதி, செட்டிகுளம் பகுதியினரே அதிகம் இருக்க வேண்டும், சுமை அவர்களுடையது. கடல்மீனவர், பனைத்தொழிலாளி, விவசாயி. நிலையத்தின் நிரந்தரப் பணியாளர் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர் இருவர். சான் ஓனோஃப்ரேயில் வாய் திறந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. போராட்டக்காரர்களுக்கு நாற்காலி கட்டாயம் வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் குழுவை இடிந்தகரையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் தலா ஓர் இடம். செலவுக்கான பணம் நிலையத்திடமிருந்து வரட்டும். ஆனால் மாநில அரசின் சட்டம் வழியாக, நிறுத்திவைக்க முடியாதபடி வரட்டும். பேச்சும் ஆவணமும் தமிழில்.

இதற்கு 2053 வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்று முதல் ஆறு வரையிலான உலைகள் இப்போது எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வரைபடத்திலேயே பிரிப்பதற்கு எளிதான வழிகளைச் சேர்க்க முடியும், குறைந்த கோபால்ட் உள்ள எஃகைக் கேட்டு வாங்க முடியும். நிலையத்தின் குடியிருப்பான அணுவிஜய் நகரில் இயங்கும் ஆய்வகம் ஏற்கெனவே பாலையும் மீனையும் அளக்கிறது. அந்த எண்களை அளந்த இடம், நாள், கருவியின் பிழை எல்லை ஆகியவற்றோடு தமிழில் அச்சிட்டு, ராதாபுரம் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உவரி மீன் ஏலக் கூடத்திலும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் தென்காசி பேருந்து நிலையத்திலும் ஒட்டும்படி கேட்பது ஊர்க்குழுவின் முதல் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இருக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.